3.2 கிலோமீட்டர் வீதி: தென்னாப்பிரிக்கச் சிறு நகராட்சி ஒன்றின் சாலை மறுகட்டுமானமும் பட்ஜெட்டும்

பின்னணி

குவாசூலு-நடால் மாகாணத்தின் வடகரையில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு சிறு நகராட்சியில் நடந்தது இது. அந்த வீதி, 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டப்படி இந்திய வம்சாவளியினருக்கென்று ஒதுக்கிய பகுதியில் 1970களில் போடப்பட்டது. நீளம் 3.2 கிலோமீட்டர், ஓரக்கல்லுக்கு ஓரக்கல் அகலம் 7.4 மீட்டர். மேல்பாதியில் பழைய தமிழ்க் குடும்பங்களும் ஒரு மாரியம்மன் கோயிலும் இருக்கின்றன. கீழ்முனையில் சூலு குடும்பங்கள் வாழும் அரசு வீட்டுத் தொகுப்பு இருக்கிறது. இரண்டு தரப்புக்கும் பேருந்து, மினிபஸ் டாக்சி எல்லாம் இந்த ஒரே வீதியில்தான்.

போட்டபோது 150 மில்லிமீட்டர் கிராவல் அடித்தளம், அதன்மேல் 30 மில்லிமீட்டர் தார்க்கலவை. உள்ளூர்க் கார்களுக்கு அது போதுமானதாக இருந்தது. பிறகு என்2 நெடுஞ்சாலையில் சுங்கம் வந்தது. அதைத் தவிர்க்கும் கரும்பு லாரிகள், ஏப்ரல் முதல் டிசம்பர் வரையான அரவைப் பருவத்தில் இந்த வீதியில் திரும்பத் தொடங்கின.

2022 ஏப்ரலில் குவாசூலு-நடாலில் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பெருவெள்ளத்தின்போது வீதியின் நடுப்பகுதி இரண்டு நாள் நீரில் நின்றது. வடிந்த பிறகு தார் முதலை முதுகுபோல் வெடித்திருந்தது. நகராட்சியின் முதல் யோசனை, 3.2 கிலோமீட்டருக்கும் 40 மில்லிமீட்டர் புதுத் தார் அடுக்கு போடுவது. பரப்பு 23,680 சதுர மீட்டர், தார்க்கலவை ஏறத்தாழ 2,270 டன், மதிப்பீடு 94 லட்சம் ராண்ட். அடுத்த நிதியாண்டில் கைவசம் இருக்கும் என்று கணக்கிட்டிருந்ததும் அதே 94 லட்சம்தான். சொந்த வருவாயில் 34 லட்சம், நகராட்சி உள்கட்டமைப்பு மானியத்தில் 60 லட்சம். வேலைக்கு எவ்வளவு தேவை என்று பார்த்து வந்த எண் அல்ல அது. இருக்கும் பணத்துக்கு அளவெடுத்து வெட்டிய வேலை. சிறு நகராட்சிகளில் இது வழக்கமாக நடப்பது. இந்த வழக்கில் பிறகு வந்த சிக்கல் பலவற்றுக்கும் தொடக்கம் இங்கேதான்.

தரையில் கண்டது

பொறியியல் பிரிவு 2022 செப்டம்பரில் வீதியை அ, ஆ, இ, ஈ என நான்கு பகுதியாகப் பிரித்தது. நீளம் முறையே 0.8, 0.9, 0.7, 0.8 கிலோமீட்டர். நடந்து பார்த்து விரிசல், பள்ளம், சக்கரத் தடத்தின் ஆழம் எல்லாம் பதிவானது. கண்ணால் பார்த்ததில் அ, ஈ இரண்டும் சுமார் என்றும், ஆ, இ இரண்டும் மோசம் என்றும் தெரிந்தது. காரணம் மட்டும் தெரியவில்லை.

அதற்காக 100 மீட்டருக்கு ஒரு இடம் வீதம் 33 இடங்களில் டிசிபி கம்பி இறக்கினார்கள். 8 கிலோ சுத்தியலை 575 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, ஒவ்வோர் அடிக்கும் கூம்பு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று பார்க்கும் கருவி இது. எண் சிறியதாக இருந்தால் தரை கெட்டி. இடது, நடு, வலது என்று மாறி மாறி இறக்குவது முக்கியம். நடுவில் மட்டும் இறக்கினால் ஓரத்தின் சேதம் கண்ணில் படாது.

அ, ஈ பகுதிகளில் அடித்தளம் அடிக்கு 3 மில்லிமீட்டர் அளவில் கெட்டியாக நின்றது. அதற்குக் கீழே இந்தக் கரையோரத்துக்கே உரிய, பெரியா எனப்படும் செம்மணல், 12 முதல் 15 மில்லிமீட்டர். ஆ பகுதியில் அடித்தளமே 6 முதல் 9 என்று தளர்ந்திருந்தது. இ பகுதியில், பள்ளத்துப் பக்கம், மண்படுகை அடிக்கு 30 முதல் 45 மில்லிமீட்டர் வரை இறங்கியது. மண்ணின் தாங்குதிறனைக் காட்டும் சிபிஆர் எண்ணாகச் சொன்னால் 3 முதல் 5.5 வரைதான்.

ஏழு நாள் வண்டிக் கணக்கெடுப்பில் இரு திசையும் சேர்த்து நாளொன்றுக்கு 310 கனரக வண்டிகள் வந்தன. ஒரு திசைக்கு 155. ஒவ்வொன்றும் செய்யும் சேதம் சராசரியாக 1.8 நிலையான அச்சுக்குச் சமம் (நிலையான அச்சு என்பது ஒப்பீட்டுக்காக வைத்த 80 கிலோநியூட்டன் சுமையுள்ள அச்சு). வண்டிகள் ஆண்டுக்கு 2 விழுக்காடு பெருகும் என்று வைத்தால், 20 ஆண்டில் ஒரு தடத்தில் சுமார் 25 லட்சம் நிலையான அச்சுகள். அச்சின் எடை கூடக் கூடச் சேதம் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் கூடும் என்பதையும் மன்ற உறுப்பினர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. சட்டப்படியான 9 டன் அச்சு ஒன்று நிலையான அச்சைப்போல் 1.5 மடங்கு சேதம் செய்தால், 11 டன் ஏற்றிய அச்சு 3.3 மடங்கு செய்யும். கார்களை எண்ணுவதால் இந்த வீதியின் கனத்தை முடிவு செய்ய முடியாது.

குழியில் கசிந்த நீர்

ஒன்பது இடத்தில் சோதனைக் குழி தோண்டினார்கள். 2.05 கிலோமீட்டரில் தோண்டிய குழிதான் திட்டத்தையே மாற்றியது. தார்க்கலவையின் கனம் 120 மில்லிமீட்டர். முதலில் போட்ட 30 மில்லிமீட்டர் மேல் 40 ஆண்டில் 90 மில்லிமீட்டர் அடுக்கியிருக்கிறார்கள். ஓரக்கல்லை அளந்தபோது கணக்கு ஒத்துப்போனது. 150 மில்லிமீட்டர் நின்றிருக்க வேண்டிய கல் 60தான் வெளியே தெரிந்தது. இன்னொரு 40 போட்டால் 20தான் மிஞ்சும், மழைநீர் ஓரக்கல்லைத் தாண்டி நேராக வீட்டுக்குள் போகும். பள்ளத்துப் பக்கம் 14 வீடுகளில் ஏற்கெனவே அதுதான் நடந்துகொண்டிருந்தது. அளவெடுத்த தொழில்நுட்பரிடம் ஒரு மூதாட்டி, "தம்பி, நீங்க தார் போடப் போட எங்க வாசல்தான் பள்ளமாயிட்டே போகுது" என்று சொன்னதை அவர் குறிப்பேட்டில் அப்படியே எழுதி வைத்தார். நாற்பது ஆண்டுப் பராமரிப்பின் பிழையை அறிக்கையில் வேறு எந்த வரியும் இத்தனை தெளிவாகச் சொல்லவில்லை.

கிராவல் ஈரமாக, கையில் பிசைந்தால் உருண்டை பிடித்தது. குழி தோண்டி 40 நிமிடத்தில் மேட்டுப் பக்கச் சுவரிலிருந்து நீர் கசிந்து அடியில் தேங்கியது. மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நிலத்தடி ஊற்று என்று எடுத்துக்கொண்டு வடிகால் வரைபடம் போடத் தொடங்கும் இடம் இது. ஆனால் மேற்பார்வையாளர் அந்த நீரைச் சிறு குப்பியில் பிடித்து, நீச்சல் குளத்துக்குப் பயன்படுத்தும் குளோரின் சோதனை மாத்திரை ஒன்றைப் போட்டார். நீர் வெளிர் ரோஜா நிறமானது. ஊற்று நீரில் குளோரின் இருக்காது. கசிந்தது குழாய்த் தண்ணீர்.

வீதிக்கு அடியில் 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டுக் குழாய் போகிறது. வீட்டு இணைப்புகள் 450 முதல் 500 மில்லிமீட்டர் ஆழத்திலேயே குறுக்கே போகின்றன. இந்த மாகாணத்தில், ஒருசில நகரங்கள் தவிர, குடிநீரும் கழிவுநீரும் மாவட்ட நகராட்சியின் பொறுப்பு. வீதி உள்ளூர் நகராட்சியின் பொறுப்பு. மேலே உள்ளது ஒருவருடையது, கீழே உள்ளது இன்னொருவருடையது. வேண்டுகோளின் பேரில் மாவட்டத்தார் இரவு 2 முதல் 4 மணிவரை நீரோட்டத்தை அளந்தார்கள். ஊரே தூங்கும் நேரத்தில் விநாடிக்கு 4.1 லிட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் பெரும்பகுதி மண்ணுக்குள் போகும் நீர்.

எனவே தார் வெடித்தது என்பது விளைவு மட்டுமே. கசியும் குழாய் மண்படுகையை நனைக்கிறது, நனைந்த படுகையில் லாரி ஏறும்போது அடித்தளம் அசைகிறது, அசையும் அடித்தளத்தின்மேல் தார் வெடிக்கிறது, வெடிப்பு வழியாக மழைநீரும் இறங்குகிறது. மேலே என்ன போட்டாலும் இந்தச் சுழல் நிற்காது.

மூன்று வழிகள், ஒரே பணப்பை

2023 ஜனவரியில் மன்றத்தின் முன் மூன்று வழிகள் வைக்கப்பட்டன.

முதலாவது, திட்டமிட்டபடி முழு நீளத்துக்கும் மேல்தார், 94 லட்சம் ராண்ட். அ, ஈ பகுதிகளில் நன்றாக நிற்கும். ஆ, இ பகுதிகளில் மூன்று நான்கு ஆண்டுகூடத் தாங்காது. இரண்டாவது, முழு வீதியையும் அடியோடு தோண்டிப் போடுவது, சுமார் 3.56 கோடி. பணமில்லை, தேவையும் இல்லை. அ, ஈ பகுதிகளின் அடித்தளம் நல்ல நிலையில் இருக்க அதைத் தோண்டி எறிவது வீண்.

மூன்றாவது, ஆ, இ இரண்டையும் (1.6 கிலோமீட்டர்) அடியோடு கட்டுவது; அ, ஈ பகுதிகளில் விரிசலை அடைத்து, குழிகளை வெட்டி நிரப்பி, மேலே ஸ்லரி (தார்க் குழம்பும் கல்துகளும் கலந்த மெல்லிய பூச்சு) பூசுவது. ஆ, இ பகுதிகளுக்கு 1 கோடியே 78.3 லட்சம், மற்ற இரண்டுக்கு 21 லட்சம், ஆக 1 கோடியே 99.3 லட்சம் ராண்ட். 10 விழுக்காடு எதிர்பாராச் செலவும் 15 விழுக்காடு வாட் வரியும் இதில் அடக்கம். இரண்டு நிதியாண்டில் பிரித்தால் முதலாண்டு அதே 94 லட்சம், இரண்டாமாண்டு 105.3 லட்சம்.

மூன்றாவது வழிக்கான அடுக்குகளை முடிவு செய்ததில் ஓரக்கல்தான் வழிகாட்டி. புது மேற்பரப்பு இப்போதையதைவிட 90 மில்லிமீட்டர் கீழே இருந்தால்தான் கல் மறுபடி 150 நிற்கும். மேலிருந்து கீழாக 40 மில்லிமீட்டர் தார்க்கலவை, 150 மில்லிமீட்டர் ஜி2 தர உடைகல், 200 மில்லிமீட்டர் சிமெண்டு கலந்த துணை அடித்தளம் (சி4). ஆக இன்றைய மேற்பரப்பிலிருந்து 480 மில்லிமீட்டர் வெட்ட வேண்டும். அதற்குக் கீழே 150 மில்லிமீட்டர் மண்ணைக் கிளறி மறுபடி இறுக்க வேண்டும். வெட்டும் மண் மட்டும் 5,680 கன மீட்டர். வீட்டு இணைப்புகளோ 450 மில்லிமீட்டரில். இயந்திரம் இறங்கிய முதல் நாளே குழாய்கள் உடையும். குழாயை மாற்றாமல் இ பகுதியில் கை வைக்க வழியே இல்லை என்பது காகிதத்திலேயே உறுதியானது.

ஆ பகுதியில் குழாயை ஏற்கெனவே யூபிவிசி பிளாஸ்டிக்காக மாற்றி, இணைப்புகளையும் ஆழமாக இறக்கியிருந்தார்கள். இ, ஈ இரண்டிலும் பழைய ஆஸ்பெஸ்டாஸ். அந்த வித்தியாசத்தை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் திட்டத்தைக் காப்பாற்றியது அதுதான்.

மன்றமும் வார்டுக் கூட்டமும்

தென்னாப்பிரிக்க நகராட்சிகளின் நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. 2003ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டப்படி, ஆண்டு தொடங்க 90 நாளுக்கு முன் வரைவு பட்ஜெட் மன்றத்தில் வைக்கப்பட வேண்டும்; பிறகு மக்கள் கருத்து; ஆண்டு தொடங்க 30 நாளுக்கு முன் மன்றம் அதை ஒப்புதலுக்கு எடுக்க வேண்டும். மூலதனச் செலவை மூன்று ஆண்டுவரை ஆண்டுவாரியாக ஒதுக்கலாம். ஒரு திட்டத்தை ஏற்கும் முன் எல்லா ஆண்டுகளின் செலவையும், முடிந்தபின் வரும் பராமரிப்புச் செலவையும் மன்றம் பார்த்தாக வேண்டும். ஒப்பந்தம் மூன்று பட்ஜெட் ஆண்டுக்குள் முடிவதால், நீண்டகால ஒப்பந்தங்களுக்குரிய தனி நடைமுறை தேவைப்படவில்லை.

பராமரிப்பு எண்தான் மன்றத்தைச் சங்கடப்படுத்தியது. சொத்து மதிப்பில் 8 விழுக்காட்டைப் பழுதுபார்ப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது தேசியக் கருவூலத்தின் அளவுகோல். இந்த நகராட்சி ஒதுக்கியது 2.6.

வார்டுக் கூட்டம் 2023 ஏப்ரலில் சூலு, ஆங்கிலம் இரண்டிலும் நடந்தது. சில முதியவர்களுக்கு அருகிலிருந்தவர்கள் தமிழில் சொன்னார்கள். அ, ஈ பகுதிக்காரர்களின் கோபம் நியாயமானது: "எங்களுக்கு வெறும் பூச்சு, அவங்களுக்கு மட்டும் புது ரோடா?" பொறியாளர் டிசிபி வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, உங்கள் அடித்தளம் நல்லது, அதனால்தான் தோண்டவில்லை என்று காட்டினார். கூட்டத்துக்குக் கொண்டுவந்திருந்த 120 மில்லிமீட்டர் தார்த் துண்டு கைமாறிக் கைமாறி அரங்கின் கடைசி வரிசைவரை போனது. கோயில் நிர்வாகம் கேட்டது ஒன்றுதான். தைப்பூசக் காவடியும் புனித வெள்ளியன்று முடியும் தீமிதித் திருவிழாவும் இ பகுதி வழியாக வருகின்றன. அந்த நாட்களில் வெறுங்காலோடு நடக்க வழி வேண்டும். அது டெண்டர் ஆவணத்தில் ஒரு பிரிவாகவே எழுதப்பட்டது. மே இறுதியில் மன்றம் மூன்றாவது வழியை நிறைவேற்றியது.

டெண்டர்

1 கோடி ராண்டுக்கு மேற்பட்ட டெண்டரை 30 நாள் விளம்பரப்படுத்த வேண்டும். மதிப்பீடு 2 கோடிக்கு மிக அருகில் இருந்ததால் ஒரு சிக்கல் எழுந்தது. கட்டுமானத் துறை மேம்பாட்டு வாரியத்தின் பதிவில் 6ஆம் தர ஒப்பந்தக்காரரின் மேல்வரம்பு 2 கோடி. 6ஆம் தரத்துக்கு அழைத்து எல்லா விலையும் 2 கோடியைத் தாண்டினால் யாருக்கும் கொடுக்க முடியாது. மறு டெண்டர் என்றால் ஐந்து மாதம் போய்விடும். எனவே 7ஆம் தரத்துக்கு அழைத்தார்கள். உள்ளூர்ச் சிறு ஒப்பந்தக்காரர்களுக்கு நேரடி வாய்ப்பு அதனால் குறைந்தது. ஓரக்கல், நடைபாதை, போக்குவரத்துக் கட்டுப்பாடு ஆகியவற்றை உள்ளூர்த் துணை ஒப்பந்தத்துக்கு விடும்படி ஆவணம் சொன்னது. என்ன விலைக்கு என்று சொல்லவில்லை. அந்த விடுபடல் பின்னால் ஒன்பது வேலைநாளை விழுங்கியது. மதிப்பீடு, முறையீட்டுக்கான 14 நாள் எல்லாம் கழிந்து, 2023 நவம்பரில் இடம் ஒப்படைக்கப்பட்டது. கால அளவு 14 மாதம்.

முதல் ஆண்டு: வரிசையை மாற்றியது

திட்டப்படி முதலில் வடிகால். 2024 மார்ச் முதல் மே வரை மாவட்டத்தார் இ பகுதிக் குழாயை மாற்றுவார்கள். அதன்பின் இ, கடைசியில் ஆ. டிசம்பர் நடுவில் கட்டுமானத் துறையின் விடுமுறை வந்தது. ஆண்டின் பாதி முடிந்தபோது 94 லட்சத்தில் செலவானது 13 லட்சம், அதாவது 14 விழுக்காடு. அதே வாரத்தில், குழாய்க்கான 46 லட்சம் ராண்ட் மாவட்டத்தின் நடப்பு பட்ஜெட்டில் இல்லை, ஜூலைக்குப் பிறகுதான் வரும் என்று கடிதம் வந்தது. கூட்டத்தில் வாய்மொழியாக "சரி" என்று சொன்னதை உள்ளூர் நகராட்சி ஒப்புதலாகவே எழுதி வைத்திருந்தது.

மானியத்தில் செலவாகாத தொகை ஜூன் 30க்குப் பிறகு தேசியக் கருவூலத்துக்குத் திரும்ப வேண்டும். தக்கவைக்கத் தனியே விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். மந்தமாகச் செலவழிக்கும் நகராட்சியின் தவணையை நிறுத்தி வேறொருவருக்குக் கொடுக்கவும் முடியும். ஜனவரி 25க்குள் தர வேண்டிய அரையாண்டு மதிப்பீட்டில் நகராட்சி உண்மையை எழுதியது. பிப்ரவரியில் திருத்த பட்ஜெட் வந்தது. மொத்தத் தொகை மாறவில்லை, வேலையின் வரிசை மாறியது. குழாய்ப் பிரச்சினை இல்லாத ஆ பகுதி முன்னுக்கு வந்தது. 450 மில்லிமீட்டர் விட்டமுள்ள வடிகால் குழாய்களை 600 ஆக மாற்றும் வேலை ஏப்ரலில் முடிந்தது. அடுக்குகள் மே, ஜூன் என்ற உலர்மாதங்களில் விழுந்தன. ஜூன் 30 அன்று 91 லட்சம் செலவாகியிருந்தது. மானியத்தின் 60 லட்சமும் முழுமையாகப் பயன்பட்டது. மீந்த 3 லட்சம் சொந்தப் பணம்.

சிமெண்டு மூட்டைகள்

ஆ பகுதியில் ஒரு தவறு நடந்தது. விரிவாகச் சொல்ல வேண்டியது இது.

தோண்டிய பழைய கிராவலையே சிமெண்டு கலந்து துணை அடித்தளமாகப் போடுவதுதான் திட்டம். மண் தன் வேதியலுக்கு எவ்வளவு சிமெண்டை விழுங்கும் என்ற சோதனையில் 2 விழுக்காடு வந்தது. அதற்குமேல் 1 சேர்த்து 3 விழுக்காடு முடிவானது. 200 மில்லிமீட்டர் கனத்தில் சதுர மீட்டருக்கு 410 கிலோ மண், 12.3 கிலோ சிமெண்டு. 50 கிலோ மூட்டை ஒன்று ஏறத்தாழ 4.07 சதுர மீட்டருக்கு. 3.7 மீட்டர் அகலத் தடத்தில் 1.1 மீட்டருக்கு ஒரு மூட்டை வைத்து, பிரித்து, ரேக்கால் பரப்பி, கிரேடரால் கலந்து, நீர் விட்டு, சிமெண்டு பட்ட நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் இறுக்கி முடிக்க வேண்டும். 1.6 கிலோமீட்டருக்கும் சேர்த்துச் சுமார் 2,900 மூட்டை.

முதல் மூன்று நாள் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு மூட்டை வைத்தார்கள். நான்காம் நாள் அவசரத்தில் லாரியிலிருந்தே கண்மதிப்பாக இறக்கினார்கள். இரண்டு தடமும் சேரும் நடுக்கோட்டில் சிமெண்டு இருமுறை விழுந்தது, வெளியோரத்தில் குறைந்தது. அடுக்கின் அமுக்க வலிமை 0.75 முதல் 1.5 மெகாபாஸ்கலுக்குள் இருக்க வேண்டும். 12 மாதிரிகளில் மூன்று 2 மெகாபாஸ்கலைத் தாண்டின, ஒன்று 0.5தான் வந்தது.

வலிமை கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். சிமெண்டு கூடிய அடுக்கு காயும்போது சுருங்கி அகலமாக வெடிக்கும். இங்கே மூன்று மீட்டருக்கு ஒரு குறுக்கு வெடிப்பு தெரிந்தது. அதன்மேல் 150 மில்லிமீட்டர் உடைகல் வரப்போவதால் வெடிப்பு தார்வரை ஏறாது என்று முடிவு செய்து, அந்த நீளத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஏழு நாளுக்குப் பதில் கூடுதலாக ஒரு வாரம் ஈரமாக வைத்திருந்து, வெடிப்பு முழுவதும் வந்த பிறகே உடைகல் கொட்டினார்கள். 0.5 வந்த 60 மீட்டரை ஒப்பந்தக்காரர் தன் செலவில் கிளறி மறுபடி போட்டார். அதன்பின் ஒவ்வொரு நாளும் ஒரு சதுர மீட்டர் தார்பாயைத் தரையில் விரித்து, பரப்பிய சிமெண்டை அதில் பிடித்து எடை பார்ப்பது கட்டாயமானது. ஐந்து நிமிட வேலை. முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டியது.

இதே மாதங்கள் கரும்பு அரவைப் பருவம். லாரிகளை 600 மீட்டர் நீளமுள்ள ஒரு குடியிருப்புத் தெருவில் திருப்பி விட்டார்கள். கார்களுக்காகப் போட்ட அந்தத் தெரு ஆறு வாரத்தில் நொறுங்கியது.

இரண்டாம் ஆண்டு: இ பகுதி

மாவட்டத்தார் 2024 ஜூலை முதல் அக்டோபர் வரை குழாயை மாற்றினார்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாயை முடிந்தவரை மண்ணிலேயே விட்டு, பக்கத்தில் புதுக் குழாய் போட்டார்கள். 480 மில்லிமீட்டர் வெட்டில் குறுக்கிட்ட துண்டுகளை மட்டும், 2020ஆம் ஆண்டின் ஆஸ்பெஸ்டாஸ் விதிகளின்படி பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர் நனைத்து, பையில் கட்டி, அனுமதி பெற்ற கிடங்குக்குக் கொண்டுபோனார். இந்தச் செலவு யாருடைய பட்ஜெட்டிலும் இருக்கவில்லை.

இப்படியாக இ பகுதி மழைக்காலத்தில் வந்து விழுந்தது. மேட்டுப் பக்க ஓரக்கல்லுக்கு அடியில் ஒரு மீட்டர் ஆழத்தில் துளைக் குழாய், சுற்றிலும் 19 மில்லிமீட்டர் ஜல்லி, அதைச் சுற்றி வடிதுணி என 700 மீட்டர் நிலத்தடி வடிகால் முதலில் போடப்பட்டது. அந்த நேரத்தில்தான் உள்ளூர்த் துணை ஒப்பந்தத்தின் விலை குறித்த தகராறில் வேலை ஒன்பது நாள் நின்றது. திட்டக் குழுவில் வார்டு பிரதிநிதிகளும் ஒப்பந்தக்காரரும் உட்கார்ந்து ஓரக்கல்லுக்கு மீட்டர் விலை பேசி முடித்த பிறகே தொடர்ந்தது.

2025 பிப்ரவரி 11 தைப்பூசத்தன்று இ பகுதி தோண்டிக் கிடந்தது. காவடிகள் பக்கத்துத் தெரு வழியாகப் போயின. ஏப்ரல் 18 புனித வெள்ளிக்கு அப்படிச் செய்ய இயலாது, தேர் அந்தத் தெருவில் திரும்பாது. ஏப்ரல் தொடக்கத்தில் உடைகல் அடித்தளம் தயார். ஆனால் அதன் ஈரம் உகந்த ஈரத்தில் பாதிக்குக் கீழ் இறங்கும்வரை தார்ப்பூச்சு அடிக்கக் கூடாது. உள்ளே ஈரத்தை மூடினால் புதுத் தார் பின்னால் கொப்பளிக்கும். மழை விட்டு விட்டுப் பெய்ததால் ஒன்பதாம் தேதிதான் அளவு இறங்கியது. பூச்சு அடித்து, இரண்டு நாள் காயவிட்டு, மேலே உடைகல் மணலை மெலிதாகத் தூவி ரோலர் ஓட்டினார்கள். வெள்ளியன்று காலை ஐந்து மணிக்கு ஒப்பந்தக்காரரின் ஆட்களும் கோயில் இளைஞர்களும் சேர்ந்து 700 மீட்டரையும் விளக்குமாறால் பெருக்கி, உதிர்ந்த கற்களைக் கையால் பொறுக்கினார்கள். வெறுங்காலோடு வந்தவர்களும் தேர்ச் சக்கரமும் அந்தக் கறுப்புத் தரையில் தடையின்றிப் போனார்கள். தார்க்கலவை மே மாதம் விழுந்தது.

கணக்கு

14 மாத வேலை 18 மாதமானது. இறுதிச் செலவு 2 கோடியே 13 லட்சம் ராண்ட், அதாவது 13.7 லட்சம் கூடுதல், 6.9 விழுக்காடு. நொறுங்கிய குடியிருப்புத் தெருவைச் சீர்செய்ய 4.8 லட்சம், தாமதத்தால் இயந்திரங்கள் சும்மா நின்றதற்கு 4.2, தாரின் விலை உயர்வு 3.1, ஆஸ்பெஸ்டாஸ் அகற்ற 1.6. கட்டுமான ஒப்பந்தங்களின் விரிவாக்கத்துக்குக் கருவூலம் வைத்த 20 விழுக்காட்டு வரம்புக்குள் இது அடங்கியது. இந்த நான்கில் தார் விலை தவிர மற்ற மூன்றும் 2023 மே மாதத்திலேயே கண்டிருக்கக் கூடியவை என்பதுதான் எங்கள் மதிப்பீடு.

பின் நடந்தவை

ஓரக்கல் மறுபடி 150 மில்லிமீட்டர் நிற்கிறது. அடுத்த மழையில் அந்த 14 வீடுகளில் ஒன்றிலும் தெரு நீர் நுழையவில்லை. இரவு நீரோட்டம் விநாடிக்கு 4.1 லிட்டரிலிருந்து 1.3 ஆனது. ஆ பகுதியில், சிமெண்டு கூடிய இடத்திலும் தாரில் இதுவரை வெடிப்பு இல்லை. ஈ பகுதி அவ்வளவு நன்றாக இல்லை. இ பகுதி ஒற்றைத் தடமாக இருந்த மாதங்களில் வண்டிகள் ஈ பகுதியில் நின்று நின்று போனதில், ஸ்லரி பூசிய விரிசல் 11 இடத்தில் மறுபடி திறந்தது. ஸ்லரி வெறும் தோல்தான், அதற்கு வலு கிடையாது. அதை எல்லா வேலைக்கும் கடைசியில் பூசியிருக்க வேண்டும். செலவு விகிதத்தைக் காட்டுவதற்காக முதலாண்டிலேயே பூசினார்கள்.

மறுபடி செய்தால்

குழியும் டிசிபியும் பட்ஜெட் எண்ணுக்கு முன் வர வேண்டும். இங்கே ஆய்வுக்கு ஆன செலவு மொத்தத்தில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. அது முந்தின ஆண்டின் நடப்புச் செலவிலேயே ஒதுக்கப்பட்டிருந்தால் 94 லட்சம் என்ற எண் யார் மனத்திலும் பதிந்திருக்காது.

மாவட்டத்தின் குழாய் வேலை அவர்களுடைய வரைவு பட்ஜெட்டில் அச்சில் இருக்கிறதா என்று மார்ச் மாதமே பக்கம் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பகுதியை இரண்டாமாண்டில் வைத்து, முதலாண்டுக்குக் குழாய்ச் சிக்கல் இல்லாத பகுதியை எடுக்க வேண்டும். திருப்பி விடும் தெருவை வேலைக்கு முன் படம்பிடித்து, அதன் பழுதுச் செலவை விலைப்பட்டியலில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். அரவைப் பருவத்துக்கு மட்டும் லாரிகளை என்2க்குத் திருப்ப, சர்க்கரை ஆலையோடு முன்கூட்டியே பேச வேண்டும். உள்ளூர்த் துணை ஒப்பந்த வேலைகளுக்குக் குறைந்தபட்ச விலையும் டெண்டர் ஆவணத்திலேயே இருக்க வேண்டும்.

ஈ பகுதியின் 11 இடங்களுக்கும் நடப்பு ஆண்டில் 6.5 லட்சம் ராண்ட் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கேயும் அடியில் போவது அதே ஆஸ்பெஸ்டாஸ் குழாய். வெட்டி நிரப்பும் முன் ஒவ்வோர் இடத்திலும் ஒரு குழி தோண்டி, நீர் கசிந்தால் குப்பியில் பிடித்து மாத்திரை போட்டுப் பார்க்க வேண்டும் என்று வேலை உத்தரவின் முதல் வரியில் எழுதியிருக்கிறது.